தூரக் கடலிலிருந்து தரையிறக்கம்

கேள்வி: கரைக்குத் தெரியாத தூரத்தில் கப்பலை நிறுத்தி, அங்கிருந்தே படைகளைத் தரையிறக்க முடியுமா? (வாசகர், தெல்லிப்பழை)

பதில்: முடியும், வேகமான கலம் இருந்தால். அந்தத் தூரம் 25 கடல் மைல், அதாவது சுமார் 46 கிலோமீட்டர், என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 10 கடல் மைல் ஓடும் பழைய தரையிறங்கு கலத்துக்கு இரண்டரை மணி நேரம். 40 கடல் மைல் ஓடும் காற்றுமெத்தைக் கலத்துக்கு 40 நிமிடமும் ஆகாது. ஆனால் வெடிமருந்தும் தண்ணீரும் வர வேண்டியதும், காயப்பட்டவர் திரும்ப வேண்டியதும் அதே தூரம்தான்.

கரை தொட்ட பிறகே பெரும்பாடு. 1991 ஜூலை நடுவில் இலங்கைப் படை வெற்றிலைக்கேணியில் இறங்கியது. அது சேர வேண்டிய ஆனையிறவு முகாம் அங்கிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். போய்ச்சேர ஆகஸ்ட் பிறந்துவிட்டது. படை, விடுதலைப் புலிகள் என இரு தரப்பிலும் எத்தனை இளம் உயிர்கள்! 2000 மார்ச்சில் புலிகள் படகுகளில் இரவோடிரவாகக் குடாரப்பில் இறங்கி, ஆனையிறவின் வழங்கல் பாதையை மறித்தார்கள். ஏப்ரல் 22இல் முகாம் வீழ்ந்தது.