முனிர்கா அறையில் வசனம் பதிய: முதல் மைக் வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

ஜே.என்.யூ.வில் ஆய்வு செய்பவர்கள், ஐ.ஐ.எம்.சி.யில் இதழியல் படிப்பவர்கள், சிவில் சர்வீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் என்று டெல்லி முனிர்கா கிராமத்துச் சந்துகளில் தங்கியிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் எப்போதும் குறும்படமோ பாட்காஸ்டோ எடுத்துக்கொண்டிருப்பார். கேமராவுக்குக் கவலை இல்லை, கைப்பேசியே போதும். எடுத்ததைப் போட்டுப் பார்க்கும்போதுதான் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். உடனே இணையத்தில் தேடி, நீளக் குழாய் போன்ற ஒரு மைக்கை ஆர்டர் செய்வார்கள். அறைக்குள் வசனம் பதிய வேண்டுமானால் அந்த மைக்கைத்தான் வாங்கக் கூடாது. காரணம் கீழே வருகிறது. முதலில் அறை.

படி 1: காசை எடுப்பதற்கு முன் அறையைக் கேளுங்கள்

காட்சி எடுக்கப்போகும் இடத்தில் கைப்பேசியை வைத்து, யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் பதிவுசெய்து, ஹெட்போனில் கேளுங்கள். மின்விசிறி, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டரின் ரீங்காரம், மேல்மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், கைநீட்டினால் தொட்டுவிடும் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து குக்கர் விசில், சந்தில் காய்கறி வண்டிக்காரரின் கூவல், விமான நிலையத்துக்கு இறங்கும் விமானம் என்று காது பழகி ஒதுக்கிவிட்ட எல்லாமே அதில் இருக்கும். மெட்ரோவால் தொல்லை இல்லை. முனிர்கா நிலையம் தரைக்கு அடியில் இருக்கிறது.

எந்தச் சத்தம் உங்கள் கையில், எது இல்லை என்று பிரியுங்கள். விசிறியும் ஃப்ரிட்ஜும் உங்கள் கையில். மோட்டார் வீட்டுக்காரர் கையில். எத்தனை மணிக்குப் போடுவார் என்று கேட்டு வைத்துக்கொண்டால் போதும். விமானத்துக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

அடுத்து, அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டியபின் 'ட்ரிங்' என்று ஒரு நடுக்கம் தொங்கினால், வெறும் சுவரும் மொசைக் தரையும் குரலைத் திருப்பி அடிக்கின்றன என்று பொருள். பத்துக்குப் பத்து அறையில் சாமான் இல்லாவிட்டால் இது கட்டாயம் இருக்கும். இந்த நடுக்கத்தை எந்த மைக்கும் தீர்க்காது. ரஜாய் (பஞ்சுப் போர்வை) தீர்க்கும்.

படி 2: தூரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால், நேராக வந்து சேரும் குரல் சுமார் 6 டெசிபல் குறைகிறது. அறையின் எதிரொலியோ கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. அதாவது சாமான் உள்ள அறையில் 50 சென்டிமீட்டரில் தெளிவாக இருந்த குரல், 1 மீட்டரில் அறையோடு போட்டிபோடத் தொடங்கும், 2 மீட்டரில் தோற்றுவிடும். சாமான் இல்லாத சின்ன அறையில், எல்லாத் திசையிலும் கேட்கும் மைக்கை வாயிலிருந்து ஒரு முழ தூரம் தள்ளி வைத்தாலே, நேர்க்குரலும் எதிரொலியும் ஏறக்குறைய சமமாகிவிடும்.

ஆகவே கேமராவின் தலையில் மாட்டிய விலை உயர்ந்த மைக்கைவிட, சட்டையில் குத்திய 800 ரூபாய் மைக் நன்றாகப் பதியும். சந்தேகமிருந்தால் இரண்டையும் ஒரே வசனத்துக்கு வைத்துப் பாருங்கள்.

படி 3: மைக் எந்தத் திசையில் கேட்கிறது?

எல்லாப் பக்கமும் ஒரேபோலக் கேட்பது ஆம்னி. முன்பக்கம் நன்றாகவும், பக்கவாட்டில் குறைவாகவும், நேர் பின்னால் மிகக் குறைவாகவும் கேட்பது கார்டியாய்டு. முன்பக்கத்தை இன்னும் இறுக்கிக் கேட்பது ஹைபர்கார்டியாய்டு. ஒரே அளவு எதிரொலியோடு பதிவதென்றால், ஆம்னியை வைக்கும் தூரத்தைப்போல 1.7 மடங்கு தள்ளி கார்டியாய்டை வைக்கலாம், ஹைபர்கார்டியாய்டை 2 மடங்கு தள்ளி வைக்கலாம். பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நான்காவது, அந்த நீளக் குழாய். ஷாட்கன் மைக் என்பார்கள். குழாயின் பக்கவாட்டில் வரிசையாகப் பிளவுகள் இருக்கும். பக்கத்திலிருந்து வரும் ஒலி அந்தப் பிளவுகள் வழியே வெவ்வேறு நேரத்தில் உள்ளே போய்த் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். திறந்தவெளியில் இது அற்புதமாக வேலை செய்கிறது. சென்ஹைசர் எம்.கே.எச். 416 இத்தனை காலமாகப் படப்பிடிப்புகளில் நிற்பது அதனால்தான். அறைக்குள் நிலைமை வேறு. நடிகரின் குரலே சுவரிலும் கூரையிலும் பட்டுச் சில மில்லிசெகண்ட் தாமதமாகப் பக்கவாட்டில் வருகிறது. குழாய் அதில் சில அதிர்வெண்களை வெட்டும், சிலவற்றை விட்டுவிடும். கனத்த ஒலிகளை அது அடக்குவதே இல்லை. மிச்சம் கிடைப்பது உள்ளீடற்ற, தகரத்தனமான குரல். தொழில்முறை ஒலிப்பதிவாளர்கள் அறைக்குள் வந்ததும் ஷாட்கனை வைத்துவிட்டு, ஷெப்ஸ் எம்.கே. 41, சென்ஹைசர் எம்.கே.எச். 50 போன்ற குட்டை மைக்குகளை எடுப்பார்கள். அவற்றின் விலை லட்சத்தைத் தாண்டும். நமக்கு வேண்டியது அவற்றின் குணம் மட்டும்தான்.

கூரை தாழ்ந்த அறைக்கு என் பரிந்துரை ஹைபர்கார்டியாய்டுகூட இல்லை, சாதாரண கார்டியாய்டு. பூம் கம்பில் மைக்கைக் கீழ்நோக்கிப் பிடிக்கும்போது அதன் முதுகு கூரையைப் பார்க்கிறது. கார்டியாய்டு காது கொடுக்காத இடம் சரியாக அந்த முதுகுதான். ஹைபர்கார்டியாய்டுக்கு முதுகிலும் ஒரு சின்னக் காது உண்டு.

படி 4: பையில் உள்ள பணத்துக்கு ஏற்ற மைக்

விலைகள் மாதத்துக்கு மாதம் மாறும். தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரம் ரூபாய்க்குள்: கம்பி வைத்த காலர் மைக். போயா பிஒய்-எம்1 எல்லோருக்கும் தெரிந்தது. ஆம்னி வகை, கம்பி 6 மீட்டர். அதில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். கைப்பேசிக்கு ஒரு நிலை, கேமராவுக்கு ஒரு நிலை. கேமரா நிலையில் எல்.ஆர். 44 பேட்டரி வேண்டும். அணைக்க மறந்தால் அடுத்த படப்பிடிப்புக்குள் அது தீர்ந்திருக்கலாம். இருவர் பேசும் காட்சிக்கு இரண்டு மைக் வாங்கி, ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் அவரவர் கைப்பேசியை வைத்துத் தனித்தனியாகப் பதிவுசெய்யுங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டு வாங்கிக்கொண்டால் எடிட்டிங்கில் இரண்டையும் ஒட்டிவிடலாம். முதல் படத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பத்தாயிரத்தை ஒட்டி: பென்சில் மைக் எனப்படும் சிறிய கண்டென்சர் கார்டியாய்டு. பெரிங்கர் சி-2 ஜோடியாகவே கிடைக்கிறது. கனத்த இரைச்சலை வெட்டும் ஸ்விட்ச்சும் அதில் உண்டு. இதற்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர், அதாவது கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம், தேவை. பெரிங்கர் யூ.எம்.2 போன்ற சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸை லேப்டாப்பில் செருகினால் கிடைக்கும், ஆனால் அதில் இந்த மைக்கைச் செருகும் எக்ஸ்.எல்.ஆர். துளை ஒன்றுதான். மைக்கைத் தலைக்கு மேல் பிடிக்க பூம் கம்பு வேண்டும். முனிர்கா ஹார்டுவேர் கடையில் பெயின்ட் ரோலருக்கு விற்கும் நீளும் கம்பு போதும். ஊரில் என்றால் ஒட்டடைக் கம்பே ஆகும்.

வயர்லெஸ் மைக்குகளின் விலை இறங்கிவிட்டது உண்மைதான். நடந்துகொண்டே பேசும் காட்சிக்கு வசதி. நாற்காலியில் உட்கார்ந்து பேசுபவருக்கு அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

எதை வாங்கினாலும் காதை மூடும் ஹெட்போன் ஒன்றுக்குப் பணம் ஒதுக்குங்கள். கேட்காமல் பதிவுசெய்வது குருட்டு வேலை.

படி 5: பின்னைப் பாருங்கள்

3.5 மில்லிமீட்டர் பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் அது கேமராவுக்கு, மூன்று இருந்தால் கைப்பேசிக்கு. ஸ்விட்ச் இல்லாத மைக்கை மாற்றிச் செருகினால் ஒன்றும் பதிவாகாமல் போகலாம், அல்லது கைப்பேசியின் சொந்த மைக்கே பதிந்துகொண்டிருக்கும். மைக்கை நகத்தால் லேசாகத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் கைப்பேசியில் டைப்-சி துளை மட்டும் இருந்தால், அடாப்டர் மைக்கையும் ஏற்குமா என்று கேட்டு வாங்குங்கள். பாட்டு கேட்க மட்டும் உதவும் அடாப்டர்களும் உண்டு.

படி 6: எங்கே வாங்குவது

நேரு பிளேஸுக்கு மெட்ரோவின் மெஜந்தா லைனிலேயே நேரு என்க்ளேவ் வரை போய் நடந்துவிடலாம். இன்டர்ஃபேஸ், கேபிள், அடாப்டருக்கு அந்த இடம் சரி. செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட் ஒலிச் சாமான்களுக்குப் பேர்போனது. ஹௌஸ் காஸில் மஞ்சள் லைனுக்கு மாறி சாந்தினி சௌக்கில் இறங்குங்கள். ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அங்கே மேடைக்கும் பஜனைக்குமான மைக்குகள் அதிகம். கையில் பிடித்து வாயருகே பேசும் டைனமிக் வகை அது. பாட்காஸ்டுக்கு நல்லது, ஆனால் ஃப்ரேமுக்குள் மைக் தெரியக் கூடாத காட்சிக்கு உதவாது. பேர்பெற்ற மலிவு மைக்குகளுக்குப் போலிகளும் உலவுகின்றன. பில் இல்லாமல் வாங்க வேண்டாம். கடையிலேயே உங்கள் கைப்பேசியில் பதிந்து, ஹெட்போனில் 'ஸ்ஸ்' இரைச்சல் எவ்வளவு என்று கேளுங்கள்.

படி 7: ரஜாயை விரியுங்கள்

டெல்லிக் குளிருக்கு வாங்கிய பஞ்சு ரஜாய்தான் உங்களிடம் உள்ள சிறந்த ஒலிக் கருவி. ஒன்றை நடிகருக்கு எதிரே, கேமராவுக்குப் பின்னால் கொடி கட்டித் தொங்கவிடுங்கள். இன்னொன்றை ஃப்ரேமுக்குள் வராத தரையில் விரியுங்கள். சுவரிலிருந்து ஓரடி தள்ளித் தொங்கவிட்டால் இன்னும் நன்றாக உறிஞ்சும். ஆட்கள் அறையின் நடுவிலோ சுவரை ஒட்டியோ இல்லாமல், இரண்டுக்கும் இடையில் உட்காரட்டும்.

ஜூனில் விசிறியும் கூலரும் இல்லாமல் ஒரு டேக் கூடத் தாங்காது. ஜனவரியில் அவை தாமாகவே ஓய்ந்திருக்கும், ரஜாயும் கையில் இருக்கும், மூடுபனி நாட்களில் விமானமும் குறையும். இரவு மட்டும் கல்யாண ஊர்வலத்தின் பேண்டு வரும், பகலில் முடித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் காலர் மைக்குக்கு எதிரி ஸ்வெட்டர். உராய்வுச் சத்தம் வராமல் மைக்கை மெடிக்கல் டேப்பால் உள்சட்டையில் ஒட்டி, கம்பியை ஒரு சுற்று வளைத்து அதையும் ஒட்டுங்கள்.

படி 8: பதிவு நாள்

ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு அறைச் சாவியை அதற்குள் வையுங்கள். மறுபடி போடாமல் நீங்கள் வெளியே போக முடியாது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள், 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பெரும்பாலும் அதோடு போய்விடும். கைப்பேசிகளை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், முடிந்தால் 24 பிட். நடிகர் மிக உரக்கப் பேசும் வரியைச் சொல்லவைத்து, அளவுமானி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்தில் நாடகம் போட்டுப் பழகியவர் என்றால் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள், ஒத்திகையில் அடக்கிப் பேசிவிட்டு டேக்கில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசுவார். காட்சி முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நிற்க, அறையின் வெறும் மௌனத்தை 30 விநாடி பதிந்துகொள்ளுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அதுதான் பசை.

தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் டப்பிங்கில் முடிகின்றன. 2004-இல் 'விருமாண்டி' நேரடி ஒலிப்பதிவில் வந்தபோது அது செய்தியாகவே பேசப்பட்டது. உங்களுக்கு டப்பிங் ஸ்டூடியோ வாடகை கட்டாது. அதனால் காய்கறி வண்டிக்காரர் குறுக்கிட்ட வரியை, கேமராவை நிறுத்திவிட்டு, நடிகர் அதே நாற்காலியில் இருக்கும்போதே, அதே மைக்கில் மூன்று முறை சொல்லவைத்துப் பதிந்துகொள்ளுங்கள். உதடு பொருந்துகிற ஒன்று அதில் கிடைத்துவிடும்.