சிற்றறையும் பெருஞ்செயலும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்திற்குச் செல்லும் பெருவழியில் தக்கலை என்னும் ஊர் உள்ளது. அதன் அருகே, வேளிமலையின் அடிவாரத்தில், கற்கோட்டையினுள்ளே பத்மநாபபுரம் அரண்மனை விளங்குகின்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூர் மன்னர்களுக்கு இதுவே தலைநகர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் இப்பகுதி தமிழகத்தோடு இணைந்தது. எனினும், அரண்மனையைக் கேரள அரசின் தொல்லியல் துறையே இன்றும் காத்து வருகின்றது.

அரண்மனை என்றவுடன் வானளாவிய தூண்களும் பரந்த கொலுமண்டபங்களும் நம் மனக்கண்முன் தோன்றும். அவற்றை எதிர்பார்த்து இங்கு வருவோர் சற்றே திகைப்பர். எங்கு நோக்கினும் தாழ்ந்த கூரைகள், குறுகிய படிகள், குனிந்து நுழைய வேண்டிய வாயில்கள். இடமில்லாமையால் இவ்வாறு கட்டினர் என்றும் கூற இயலாது. அரண்மனைத் தொகுதி ஏறத்தாழ ஆறரை ஏக்கர் பரப்புடையது. அங்குள்ள ஊட்டுப்புரை இரு தளங்களைக் கொண்டது. ஒவ்வொரு தளத்திலும் ஆயிரம் பேர் ஒருசேர அமர்ந்து உண்ணலாம். சோறிடும் கூடம் அத்துணைப் பெரிது; அரசு நடத்தும் அறையோ சிறிது! கட்டியவர்களின் உள்ளம் இதனாலேயே ஒருவாறு புலப்படுகின்றது அன்றோ?

அரசரைக் காண வருவோரை வரவேற்கும் முகப்புக்குப் பூமுகம் என்று பெயர். அதன் மேல்விட்டத்தில் தொண்ணூறு வகைப் பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன. பூமுகத்தின் மேல்தளத்தில் அமைந்தது மந்திரசாலை. அமைச்சரோடு மன்னர் அமர்ந்து நாட்டின் கருமங்களை ஆராய்ந்த இடம் அதுவே. அங்கே பலகணிகளில் வண்ண அப்பிரகத் தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன. அவை வெயிலின் கடுமையையும் புழுதியையும் தடுக்கின்றன. சுற்றிலும் மரச்சட்டங்களாலாகிய நுண்ணிய பின்னல் வேலைப்பாடு. சட்டங்களின் இடைவெளி காற்றை உள்ளே விடும்; உள்ளிருப்போர் வெளியே நோக்கலாம்; வெளியிலிருப்போர்க்கோ உள்ளே நிகழ்வது எளிதில் தெரியாது. தரை கருங்கண்ணாடி போல் மின்னுகின்றது. எரித்த சிரட்டைக்கரி, முட்டையின் வெண்கரு முதலியவற்றைக் கலந்து அதனை அமைத்தனர் என்பர். சிறிய அறையில் பலர் கூடினால் புழுக்கம் மிகும். ஒளி மிகுந்தால் கண் கூசும். இவ்விரு குறைகளையும் சுவரே தீர்த்து வைக்குமாறு தச்சர்கள் அமைத்தனர். ஆதலின், குளிர்ச்சிக்கெனத் தனியே ஒரு பொருளையும் அறையில் வைக்க வேண்டியிருக்கவில்லை.

இடத்தை ஆளும் திறம் இதனினும் தெளிவாக விளங்குவது உப்பிரிகை மாளிகையில்தான். குளச்சல் போரில் 1741ஆம் ஆண்டு டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்டவர்மர், 1750ஆம் ஆண்டு அளவில் இதனைக் கட்டினார். நான்கு தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுகின்றன. அடித்தளம் கருவூலம், அதன்மேல் மன்னரின் பள்ளியறை, மூன்றாவது, ஓய்வுக்கும் படிப்புக்கும் உரிய அறை, உச்சியில் சுவரோவியங்கள் நிறைந்த வழிபாட்டறை. பள்ளியறைக் கட்டில் 64 வகை மூலிகை மரங்களால் ஆனது என்பர். நான்கு மாளிகைகளுக்கு வேண்டிய நிலத்தை ஒரு மாளிகையின் நிலத்திலேயே அடக்கிய சூழ்ச்சி இது. மேலே ஏற ஏற ஆரவாரம் குறையும், அமைதி மிகும். பொன்னும் மணியும் உள்ள இடமோ மன்னர் துயிலும் அறைக்கு நேர்கீழே உள்ளது. இதனினும் நல்ல காவல் வேறு உண்டோ?

வாள், குறுவாள் முதலிய படைக்கலங்களை வைப்பதற்குச் சுவரிலேயே மாடங்கள் குடையப்பட்டுள்ளன. தடித்த சுவர் எவ்வாறாயினும் ஓரிடத்தை அடைத்துக்கொள்ளும். அதன் வயிற்றையே பெட்டகமாக்கினால் தரையில் ஒரு சாண் இடமும் குறையாது.

அரசர்க்கேயன்றிக் குடிகளுக்கும் இக்கலை கைவந்திருந்தது. அழகியபாண்டியபுரத்தில் வாழ்ந்த பெரியவீட்டு முதலியார் குடும்பத்தார் நாஞ்சில் நாட்டின் ஆட்சிப் பொறுப்பில் பங்கேற்றிருந்தனர். ஆணைகளும் கணக்குகளுமாகிய ஓலைகள் அவர்கள் இல்லத்திலேயே இருந்தன. வீடே அவர்களுக்கு அலுவலகம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவ்வோலைகளின் அருமையை உணர்ந்து படியெடுத்து வைத்தார். நாஞ்சில் நாட்டு வரலாற்றை ஆராய்வோர்க்கு அம்முதலியார் ஓலைகள் இன்றும் பெருந்துணையாக உள்ளன.

ஓலையில் எழுதுவோர்க்கு மேசை வேண்டியதில்லை. இடக்கை ஓலையைத் தாங்க, வலக்கை எழுத்தாணியைப் பிடிக்கும். அமர்ந்த இடமே அலுவலகமாகிவிடும். ஓலைக்கட்டு இரண்டு மூன்று விரல் அகலமே உடையது. மச்சிலோ பரணிலோ எளிதில் அடங்கும். தாள் பரவிய பின்னர்க் கணக்கர்கள் சாய்வான மூடியுடைய மேசைப்பெட்டியைத் திண்ணையில் வைத்து எழுதினர். மூடி எழுதுபலகை, உள்ளே தாளும் மையும் காசும். மாலையில் மூடிப் பூட்டி எடுத்துச் சென்றால் திண்ணை மீண்டும் விருந்தினர்க்கு உரியதாகும்.

2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றுப் பரவியபோது, பள்ளியும் அலுவலகமும் மீண்டும் வீட்டினுள் புகுந்தன. ஒரே அறையில் தந்தை பணிபுரிய, பிள்ளை பாடங்கேட்க, தாய் சமைக்க நேர்ந்த இல்லங்கள் பல. அத்தகைய வீடுகளுக்கும் பழைய தச்சரின் வழி பயன்படும். பலகணியை ஒட்டிய சுவரில் முக்கால் மீட்டர் உயரத்தில் கீல்வைத்து ஒரு பலகையைப் பொருத்தினால், வேண்டும்போது விரித்தும் வேண்டாதபோது மடித்தும் வைக்கலாம். வலக்கையால் எழுதுவோர்க்கு ஒளி இடப்புறமிருந்து வருதல் நலம். கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது. பலகைக்கு மேலே, எட்டும் உயரத்தில் இரண்டு தட்டுகள் இருந்தால் புத்தகங்கள் தரைக்கு வாரா. நாள்தோறும் எடுப்பவை கீழ்த்தட்டிலும், ஆண்டுக்கு ஒருமுறை தேடுபவை மேல்தட்டிலும் இருக்கலாம்.