இசைத்தாளுக்கும் ஒரு ஜிக்

ஒர்க்‌ஷாப்பில் ஐம்பது தகடுகளில் ஒரே இடத்தில் துளை போடச் சொன்னால், ஒவ்வொன்றிலும் ஸ்கேல் வைத்தா அளப்போம்? ஒரு ஜிக் செய்து கொள்வோம் அல்லவா! கணிப்பொறியில் மேற்கத்திய இசைக்குறிப்பு அச்சிடுபவருக்கும் அதே புத்திதான் வேண்டும்.

'லில்லிபாண்ட்' என்ற இலவச மென்பொருளை நெதர்லாந்தைச் சேர்ந்த இரு இசைக்கலைஞர்கள் 1996-ல் தொடங்கினார்கள். இதில் எல்லாமே டைப் அடிப்பதுதான். ஸ்வரங்களுக்கு மேலே வரும் சொற்களை 'மார்க்அப்' கட்டளை கவனித்துக்கொள்ளும். தடித்த எழுத்துக்கு 'போல்டு', சுற்றிக் கட்டம் போட 'பாக்ஸ்'.

ஓர் ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோரில் 'சோலோ', 'டுட்டி' என்று நாற்பது இடங்களில் கட்டம் போட்டு அடித்தாயிற்று. ஒத்திகையில் கண்டக்டர், "கட்டம் வேண்டாம், சாய்வெழுத்து போதும்" என்கிறார். நாற்பதையும் தேடி மாற்றணும். ஒன்று விட்டுப்போனால், 'இதற்கு மட்டும் வேறு அர்த்தமோ?' என்று வாசிப்பவர் கச்சேரி நடுவில் திகைப்பார்.

இதற்குத்தான் சொந்தக் கட்டளை. கோப்பின் தலைப்பகுதியில், 'ஸ்கீம்' மொழியில் ஒருமுறை எழுதினால் போதும். அதில் நான்கு விஷயங்கள்:

1. பெயர். 'வாசிப்புக்குறி' என்று வைப்போம்.

2. 'லேஅவுட்', 'ப்ராப்ஸ்' என்ற இரண்டு உள்ளீடுகள். இவை கட்டாயம். முன்னது பக்க அமைப்பு. பின்னது எழுத்தளவு போன்ற குணங்கள்.

3. நாம் தரும் உள்ளீடும் அதன் வகையும். சொல் என்றால் 'மார்க்அப்' வகை, எண் என்றால் 'நம்பர்' வகை. வகை மாறினால் மென்பொருள் பிழை காட்டிவிடும்.

4. செய்ய வேண்டிய வேலை. முடிவில் ஒரு 'ஸ்டென்சில்' கிடைக்க வேண்டும். சைக்ளோஸ்டைல் ஸ்டென்சில் அல்ல நண்பர்களே! தாளில் பதியும் உருவமும், அது அடைக்கும் இடமும் சேர்ந்தது.

உள்ளே பாக்ஸ், போல்டு கட்டளைகளையே பயன்படுத்தலாம். ஆனால் நமக்கு வந்த ப்ராப்ஸை அப்படியே அவற்றுக்குக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வெளியே எழுத்தைச் சிறிதாக்கினாலும் நம் சொல் மட்டும் பழைய அளவிலேயே நிற்கும்!

கடைசியாக ஒன்று. கட்டளைக்குத் 'தடித்தகட்டம்' என்று தோற்றத்தை வைத்துப் பெயரிடாதீர்கள். நாளை கட்டம் போனால் பெயரே பொய்யாகிவிடும். தோற்றம் மாறும், வேலை மாறாது. வேலையை வைத்துப் பெயரிட்டால், கண்டக்டர் எத்தனை தடவை மனம் மாறினாலும் நாம் திருத்துவது ஒரே இடம்தான்.