மழலையர் வகுப்பின் தலைமை யாரிடம் இருக்கிறது?



நம் திருச்சிக்குப் பக்கத்தில், காட்டூரை ஒட்டி இருக்கிறது பாப்பாக்குறிச்சி. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது அங்கேதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான சோறு என்றே நமக்கு நினைவு. பள்ளிக்குப் போகும் வயதாகாத சின்னஞ்சிறு குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அந்த வேலைகளில் கணவரை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கிடைத்தது. மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்றே தொடங்கியிருந்தது. இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. நம் வீடுகளில் இன்னும் பால்வாடி என்றுதான் பெயர்.

அங்கே ஒரு பணியாளர், ஓர் உதவியாளர், அவ்வளவுதான். தலைமையாசிரியர் அறை கிடையாது. பணியாளர் எடை பார்ப்பார், ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தை நடத்துவார், வீடு வீடாகப் போவார். உதவியாளர் சமைப்பதோடு பிள்ளைகளை வீட்டிலிருந்து கூட்டியும் வருவார். வீட்டுக்குப் போவது ஒரு சில்லறை வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்ரீரங்கம் பக்கம் குடியிருக்கும் நம் குடும்பம் ஒன்றின் குழந்தை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. அங்கன்வாடி டீச்சர் மூன்று முறை வீட்டுக்குப் போய், சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். நான்காம் முறைதான், காது கேட்கிறதா என்று பெரியாஸ்பத்திரியில் காட்டிப் பார்க்கலாமே என்று சொன்னார். முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தத் தாய் சண்டைக்குத்தான் போயிருப்பார். மறுவாரமே கூட்டிக்கொண்டு போனார்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் டிரஸ்டின் மழலையர் வகுப்பைப் பார்வையிடப் போனேன். ஆயாம்மா தினமும் காலையில் அரை மணி நேரம் வாசல்படியிலேயே உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். வேலை நேரம் வீணாகிறதே என்று அவரை மாடி வேலைக்கு மாற்றினேன். “ஒரு மாசம் பொறுங்களேன், பாய்” என்று டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. பத்து நாளில் வாசலில் ஒரே அழுகை. மூன்று பிள்ளைகள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு பையனின் அத்தா சவூதியில் இருக்கிறார், அவனைத் தேடி வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா சொன்னார்: “அவன் கிளாசுக்கு வரலீங்க பாய், ஆயாம்மாகிட்டதான் வந்துகிட்டிருந்தான்.”

மறுநாளே ஆயாம்மாவை வாசலுக்கு அனுப்பினேன். இரண்டு பிள்ளைகள் திரும்பினார்கள். மூன்றாமவன் வரவே இல்லை.

அம்மாவை விட்டு வரும் மூன்று வயதுப் பிள்ளைக்கு முதலில் தெரிந்த முகம் ஒன்று வேண்டும். விளையாட்டும் பாட்டும் அதற்குப் பிறகுதான். அதுபோல டீச்சருக்கும் நிர்வாகத்திடம் பயமில்லாமல் பேச முடிய வேண்டும். செயலாளருக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளும் டீச்சர், உங்கள் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்பதை உங்களிடம் எப்படிச் சொல்வார்?

குழந்தை அழும் சத்தம் கேட்டால், அதன் தாய் படும் பாட்டை எண்ணி நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்று ஹதீஸில் இருக்கிறது. மதரஸாவில் அதை இமாமத்தின் சட்டமாகவே ஓதினேன். தலைமை தாங்குபவரின் காது எங்கே இருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

ஜூனில் வகுப்பு தொடங்குகிறது, இன்ஷா அல்லாஹ். ஆண்டு நடுவில் டீச்சரையோ ஆயாம்மாவையோ நிர்வாகம் மாற்றாது. முதல் வாரம் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு ஓடாமல், சற்று நேரம் உள்ளே உட்காருங்கள். வீட்டில் தம்பி பிறந்திருந்தாலோ, அத்தா வெளிநாடு போயிருந்தாலோ டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கட்டண விவரத்துக்கு ஜும்ஆவுக்குப் பிறகு நான் அலுவலகத்தில் இருப்பேன். பிள்ளையைப் பற்றி அறிய, காலையில் வாசல்படியில் ஆயாம்மா இருப்பார்.