இருட்டறையில் யார் படமெடுப்பது?

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கூடங்களில் இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது: “ஏஐ வந்துருச்சு. இனி ஆஸ்பத்திரியில ஆளே தேவையில்ல. பிள்ளைய நர்சிங், கண் டெக்னீசியன்னு படிக்கவச்சுக் காசைக் கரைக்காதீங்க.” ராஜபாளையம் பஸ்ஸிலும் இதுதான், ஸ்ரீவில்லிபுத்தூர் டீக்கடையிலும் இதுதான். சொல்கிறவர்களில் ஒருவராவது அந்த ஏஐ வேலை செய்வதைப் பார்த்திருப்பாரா?

பார்க்க அமெரிக்கா போக வேண்டாம், மதுரை போதும். அரவிந்த் கண் மருத்துவமனை 2019 முதல் சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் படங்களைக் கூகுளின் மென்பொருளிடம் கொடுத்துவருகிறது. இதுவரை 6 லட்சம் பேருக்கு மேல் இப்படிப் பரிசோதித்தாயிற்று. ஆனால் படம் தானாக வந்து விழுவதில்லை. இருட்டறையில் ஓர் ஊழியர் நோயாளியின் தாடையைத் தாங்கியில் பொருத்தி, நெற்றியை ஒட்டவைத்து, “இமைக்காம அந்த வெளிச்சத்தையே பாருங்கம்மா” என்கிறார். இமைத்தால் படம் கெடும். கண்புரை இருந்தால் மங்கும். தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் கூகுளின் இந்தத் தொழில்நுட்பத்தை இறக்கியபோது, முதல் 6 மாதங்களில் 1,838 படங்களில் 21 சதவீதத்தை ‘தெளிவில்லை’ என்று மென்பொருள் தள்ளிவிட்டது. திரும்பத் திரும்ப எடுத்து மல்லாடியவர்கள் அங்கிருந்த நர்ஸ்கள்.

படத்தில் பாதிப்பு தெரிந்த பிறகு, கண்ணுக்கு லேசர் சிகிச்சை கொடுப்பது யார்? “தீபாவளி ஆர்டர் முடியட்டும்” என்று நழுவுகிறவரை விடாமல் கூப்பிட்டு வரவழைப்பது யார்? படங்களைத் தரம்பிரிக்கும் வேலை குறையும், அது நிஜம். அந்தத் தரம்பிரிப்பைக்கூட 54 கண் மருத்துவர்கள் குறித்துக்கொடுத்த படங்களை வைத்துத்தான் மென்பொருள் கற்றது. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்க்கும் கதிரியல் நிபுணர்களுக்குப் பயிற்சி தருவதையே நிறுத்தலாம் என்று ஏஐ ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி ஹின்டன் 2016இல் சொன்னார். நோபல் பரிசு பெற்றவர்தான், ஆனாலும் மருத்துவமனைகள் இன்றும் அந்த நிபுணர்களைத் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து 2 ஆண்டு பயிற்சி கொடுத்து வளர்ந்த நிறுவனம் அரவிந்த். அந்தப் பெண்களைத்தான் இந்த வதந்தி வீட்டில் உட்காரச் சொல்கிறது.

வேறு பேச்சுகளும் உண்டு. விழித்திரையைப் படமெடுக்கும் கேமராவின் ஃபிளாஷால் பார்வை போகும் என்பது வெறும் புரளி. ரிப்போர்ட்டை செல்போனில் காட்டி ஏஐயிடம் கேட்டுக்கொண்டால் டாக்டரே வேண்டாம் என்பது வீண் துணிச்சல்.

“ஊசியில நூல் கோக்க முடியுதே, கண்ணுக்கென்ன?” என்பதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. சர்க்கரையால் விழித்திரை கெடும்போது ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இருக்காது. தையற்கூட முதலாளிகள் போனஸ் பேசும்போதே வருடத்துக்கு ஒரு கண் முகாமுக்கும் தேதி குறிக்கலாம். அன்றைக்கு அரை நாள் கூலியைப் பிடிக்காமல் இருந்தால் கூட்டம் தானாக வரும்.