நெற்றித் தழும்பு

அன்புள்ள கயல்,

நரம்பியல் வார்டில் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். பக்கவாதம் என்று வருகிறவர்களிடம் சுகர், பிரஷர், பீடி எல்லாம் நீயே கேட்டுவிடுவாய். கூடவே, "அம்மை போட்டிருந்ததா, அக்கி வந்ததா?" என்றும் கேள். "வேறு ஏதும் நோய் உண்டா" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் இல்லையென்றுதான் சொல்வார்கள். அம்மைக்கு வேப்பிலை வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. அக்கிக்குக் குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொண்டாயிற்று. ஆஸ்பத்திரிக்கே வராததை நோய்க் கணக்கில் யார் சேர்ப்பார்கள்? காவி பூசியதற்காக எந்தப் பாட்டியையும் திட்டிவிடாதே. அடுத்த கேள்விக்கு வாயே திறக்க மாட்டார்.

சின்னம்மை ஆறினாலும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடந்து, முதுமையிலோ எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ அக்கியாகக் கிளம்புகிறது. முகத்துக்கு உணர்ச்சி தரும் ஐந்தாம் கபால நரம்பின் இழைகள் மூளைத் தமனிகளின் சுவர்வரை போகின்றன. வைரஸ் அந்த வழியே போய்ச் சேர்ந்தால் சுவர் அழன்று தடித்து, உள்ளே ரத்தம் போகும் பாதை குறுகுகிறது. சிலருக்குச் சுவர் புடைத்து வெடிப்பதும் உண்டு.

ஆகவே நெற்றியை நல்ல வெளிச்சத்தில் பார். வலப்பக்கத்தில், மேலிமை வரைக்கும், நடுக்கோட்டில் வெட்டினாற்போல நின்றுவிடும் வெளிறிய தழும்புகள். விழுந்திருப்பதோ இடது கை. இரண்டுக்கும் நடுவே வாரங்கள், மாதங்கள்கூட ஓடியிருக்கும். அதனால்தான் வீட்டார் முடிச்சுப் போடுவதில்லை. குழந்தைக்குப் பக்கவாதம் என்றால் ஒரு வருடம் பின்னே போய்ச் சின்னம்மையைத் தேடு.

கொப்புளமே தெரியாமலும் இந்த வைரஸால் பக்கவாதம் வரும். முதுகுத் தண்டு நீரை அனுப்பும்போது பிசிஆர் மட்டும் எழுதி நிறுத்திவிடாதே. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த வைரஸால் மூளைத் தமனி பாதிக்கப்பட்ட 30 நோயாளிகளில் 9 பேரின் தண்டு நீரில்தான் வைரஸின் டிஎன்ஏ கிடைத்தது; அதற்கெதிரான ஐஜிஜி 28 பேரிடம் இருந்தது. நீரில் வெள்ளணு கூடாமல் இருந்தாலும் ஏமாந்துவிடாதே.

சந்தேகம் வலுத்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உன் சீஃபிடம் அசைக்ளோவிர் பற்றிப் பேசு. 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, நரம்பு வழியாக, பெரும்பாலும் 14 நாள். ஒரு மணி நேரமாவது மெதுவாக ஏற வேண்டும். அவசரப்பட்டால் சிறுநீரகம் அடி வாங்கும். கிரியேட்டினினை நீயே பார்த்துக்கொள், நர்ஸ் தலையில் கட்டாதே.

அன்புடன்,
பெரியப்பா