சிப் அறிந்து நிரலைத் தொகுப்போம்

2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. நீர்மட்டம் உயர்ந்தால் எச்சரிக்கும் கருவியை ராஸ்பெரி பை ஸீரோவில் செய்வதாக வைத்துக்கொள்வோம். அதன் சிறிய சிப்பில் நிரலைத் தொகுக்க நெடுநேரமாகும். அதனால் வீட்டுக் கணினியிலேயே அதற்காகத் தொகுக்கிறோம். இதுவே குறுக்குத் தொகுப்பு.

2015இல் வந்த முதல் ஸீரோவுக்கு ஆர்ம் 6ஆம் பதிப்புக் கட்டளைகளே புரியும். தொகுப்பியிடம் 7ஆம் பதிப்பு என்று சொன்னாலும் தொகுப்பு பிழையின்றி முடியும். ஆனால் கருவியில், தனக்குத் தெரியாத முதல் கட்டளையிலேயே நிரல் நின்றுவிடும். 6 என்று சொன்னால் ஸீரோவிலும் ஓடும். 7ஆம் பதிப்புச் சிப் கொண்ட பை 2இலும் ஓடும். இணைக்கும் நூலகங்களும் 6க்கானவையாக இருக்க வேண்டும்.

மாணவர்களே, உங்களிடமுள்ள மிகப் பழைய சிப்புக்கே தொகுத்து, கருவியிலேயே ஓட்டிப் பாருங்கள். மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.